நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன்: வன்னி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட வாசகர்களும் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். விக்னேஸ்வரனைப் பற்றிப் பேசும்போது புகழ்ச்சியோ வசையோதான் அதிகம் கிடைக்கிறது. எந்த நாற்காலிக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் அவரை எடைபோட முடியாது என்பது எங்கள் கருத்து.

இவர் யார்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

இலங்கை உயர் நீதிமன்றத்தில் 2001 முதல் 2004 வரை நீதியரசராக இருந்தவர். 2013 ஒக்டோபர் முதல் 2018 ஒக்டோபர் வரை வட மாகாண முதலமைச்சர். 2020 முதல் 2024 வரை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்.

முதல் முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் அல்லவா?

வரதராஜப்பெருமாள், விக்னேஸ்வரன் இருவரையும் முதல் முதலமைச்சர் என்பது சரி, ஆனால் சபைகள் வேறு. 1988 இல் வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரே மாகாணத்துக்குத் தேர்தல் நடந்தது. அந்த வடகிழக்கு மாகாண சபைக்கு முதலமைச்சராக இருந்தவர் வரதராஜப்பெருமாள். அந்தச் சபை 1990 இல் முடிந்தது. இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2007 தொடக்கத்திலிருந்து வடக்கு தனி மாகாணம் ஆனது. தனி வடக்குக்கு நடந்த முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்தது. அதன் முதல் முதலமைச்சர் விக்னேஸ்வரன். இதுவரை அந்தப் பதவியில் இருந்தவரும் அவர் ஒருவரே.

யாழ்ப்பாணத்தவரா, கொழும்பாரா?

பெற்றோரின் ஊர் மானிப்பாய். இவர் பிறந்தது கொழும்பு புதுக்கடையில், 1939 ஒக்டோபர் 23 ஆம் திகதி. சிறு வயதில் குருநாகலிலும் அனுராதபுரத்திலும் படித்து, பிறகு கொழும்பு றோயல் கல்லூரிக்குப் போனார். சட்டம் படித்து, சட்டத்தரணியாகத் தொழில் செய்து, அதன் பின்பே நீதிச்சேவைக்கு வந்தார். 'வடக்கோடு ஒட்டாதவர்' என்று 2013 இல் எதிர்த்தரப்பார் சொன்னதற்கு இந்தப் பின்னணியே காரணம்.

நீதித்துறையில் எப்படி ஏறினார்?

1979 மே மாதம் நீதிச்சேவையில் சேர்ந்தார். மட்டக்களப்பு, சாவகச்சேரி நீதிமன்றங்கள் அவருடைய தொடக்க காலத்தவை. பின்னர் கொழும்பில் மாவட்ட நீதிபதி. 1988 இல் மேல் நீதிமன்றம், 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2001 மார்ச்சில் உயர் நீதிமன்றம். நீதவான் என்ற முதல் படியிலிருந்து அதியுயர் மன்றம் வரை ஒவ்வொரு படியாக ஏறியவர். உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாகச் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்தோ தனியார் சட்டத் தொழிலிலிருந்தோ வருவோரும் உண்டு. அடியிலிருந்து வருபவருக்கு ஒரு நன்மை உண்டு: காணிப் பிணக்கு, பராமரிப்பு வழக்கு, பொலிஸ் தடுத்து வைத்த பிள்ளையின் தாய் என எல்லோரையும் நேரில் கண்டிருப்பார். 1979 க்குப் பிறகான வடக்கு கிழக்கில் இது சிறிய அனுபவம் அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே.

உயர் நீதிமன்ற நீதியரசர் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63. இவர் 2004 ஒக்டோபரில் 65 ஐ எட்டி ஓய்வு பெற்றார். யாரும் விலக்கவும் இல்லை, இடையில் விலகவும் இல்லை.

நீதிபதியாக இருந்தவர் தேர்தலில் நிற்கச் சட்டம் விடுகிறதா?

பதவியில் இருக்கும் நீதித்துறை அலுவலர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகத் தகுதியற்றவர். ஓய்வு பெற்றபின் அந்தத் தடை இல்லை. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது: மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ நிரந்தர நீதியரசராக இருந்தவர், சனாதிபதியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மீண்டும் எந்த நீதிமன்றத்திலும் சட்டத்தரணியாகத் தோன்ற முடியாது. அரசியலமைப்பின் 110 ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. 'ஓய்வு பெற்ற நீதியரசர் ஏன் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் எங்கள் காணி வழக்கைப் பேசவில்லை' என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

2013 இல் வன்னி மக்கள் இவருக்கு வாக்களித்தார்களா?

நேரடியாக இல்லை. இது பலருக்கும் குழப்பம் தரும் இடம்.

மாகாண சபைத் தேர்தலில் ஒவ்வொரு நிர்வாக மாவட்டத்துக்கும் தனி வேட்பாளர் பட்டியல். விக்னேஸ்வரன் யாழ்ப்பாண மாவட்டப் பட்டியலில் இருந்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா வாக்குச் சீட்டுகளில் அவருடைய இலக்கமே இல்லை. வன்னியில் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர், தன் மாவட்டத்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர்களுக்கு மட்டுமே விருப்பு வாக்கு அளிக்க முடியும். ஆனாலும் முதலமைச்சர் வேட்பாளர் இவர் என்று தேர்தலுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். அதனால் வன்னியின் வீட்டு வாக்குகளில் பெரும் பகுதி அவரை மனத்தில் வைத்தே விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 132,255. அடுத்த இடத்தில் அதே பட்டியலில் நின்ற அனந்தி சசிதரன், 87,870.

விருப்பு வாக்கில் வழக்கமாக நடக்கும் பிழையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் அதிகம் மூன்றுக்கு. மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குகள் கணக்கில் வராது, கட்சி வாக்கு மட்டும் நிற்கும். கட்சிக்குப் போடாமல் இலக்கங்களுக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் வீண்.

38 ஆசனங்கள் எப்படிப் பிரிந்தன?

மாவட்டங்களுக்கு 36: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மாகாணம் முழுவதிலும் அதிக வாக்கெடுத்த கட்சிக்கு மேலதிகமாக 2. மொத்தம் 38. கூட்டமைப்பு யாழ்ப்பாணத்தில் 14, முல்லைத்தீவில் 4, வவுனியாவில் 4, கிளிநொச்சியில் 3, மன்னாரில் 3 என்று வென்றது. மேலதிக இரண்டோடு 30.

கூட்டமைப்பு பெற்ற வாக்கு வீதத்தைப் பார்த்தால் வன்னிக்குள்ளேயே வேறுபாடு தெரியும். கிளிநொச்சியில் 81.57, முல்லைத்தீவில் 78.56, வவுனியாவில் 66.10, மன்னாரில் 62.22. மன்னாரிலும் வவுனியாவிலும் முஸ்லிம், சிங்கள வாக்காளர் கணிசமாக இருப்பது முதற் காரணம். 'வன்னி முழுவதும் ஒரே குரல்' என்று எழுதுவோர் இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சனாதிபதி முன் ஏன் பதவிப்பிரமாணம் செய்தார்?

2013 ஒக்டோபர் 7 ஆம் திகதி மகிந்த ராசபக்ச முன்னிலையில் சத்தியம் செய்தார். கூட்டமைப்புக்குள்ளேயே கடும் எதிர்ப்பு இருந்தது. மாற்று வழி ஆளுநர் முன்னிலையில் செய்வது. அப்போதைய ஆளுநர் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி. இராணுவத்திலிருந்து வந்தவர் முன்னிலையில் செய்வதா, சனாதிபதி முன்னிலையிலா என்ற தெரிவில் இரண்டாவதை எடுத்தார். சபை உறுப்பினர் எம்.கே. சிவாஜிலிங்கம் முள்ளிவாய்க்காலில் சத்தியம் செய்தார். அந்தப் பிளவு ஐந்தாண்டும் ஆறவில்லை.

வன்னிக்கு அமைச்சர் பதவி கிடைத்ததா?

கிடைத்தது, அதுவும் நான்கில் மூன்று. முதலமைச்சரைத் தவிர நான்கு அமைச்சர்களுக்கு மேல் அரசியலமைப்பு இடம் தராது. கல்வி கிளிநொச்சியைச் சேர்ந்த த. குருகுலராசாவுக்கு, சுகாதாரம் வவுனியாவின் ப. சத்தியலிங்கத்துக்கு, மீன்பிடியும் போக்குவரத்தும் மன்னாரின் பா. டெனீஸ்வரனுக்கு, விவசாயம் யாழ்ப்பாணத்தின் பொ. ஐங்கரநேசனுக்கு. போர் மிகக் கொடிதாக முடிந்த முல்லைத்தீவுக்கு முதல் அமைச்சரவையில் இடம் இல்லை, துணைத் தவிசாளர் பதவியே கிடைத்தது. அந்த மாவட்ட மக்கள் இதை மனக்குறையாகச் சொன்னது நியாயம்தான்.

முதலமைச்சருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

நீதிபதி ஒரு கட்டளையில் ஒப்பமிட்டால் பதிவாளர், பிஸ்கால் (கட்டளையை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்), பொலிஸ் எல்லோரும் அதை நிறைவேற்றக் கடமைப்பட்டவர்கள். முதலமைச்சரின் ஒப்பத்துக்கு அப்படியொரு பலம், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் இல்லை. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. அமைச்சர் சபை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்குகிறது.

சபை ஒரு நியதிச்சட்டத்தை (மாகாண சபை இயற்றும் சட்டத்தை) நிறைவேற்றினால் அது போகும் வழி இது. ஆளுநரின் சம்மதத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் சம்மதிக்கலாம், அல்லது மீள் பரிசீலனைக்குத் திருப்பலாம். சபை மீண்டும் நிறைவேற்றினால் அப்போதும் சம்மதிக்கலாம், இல்லையெனில் சனாதிபதிக்கு ஒதுக்கி வைக்கலாம். சனாதிபதி அதை உயர் நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்புவார். நிதி தொடர்பான நியதிச்சட்டமாக இருந்தால் ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது. புலம்பெயர்ந்தோர் உதவியை நேரடியாகப் பெற நினைத்த முதலமைச்சர் நிதியம் இந்த வழியில்தான் சிக்கியது.

பிரதம செயலாளரை நியமிப்பதும் சனாதிபதிதான், முதலமைச்சரின் ஒத்திசைவோடு. 2014 இல் அந்தப் பதவி தொடர்பான முரண்பாடு உயர் நீதிமன்றம் வரை போனது. தன் நிர்வாகத்தின் தலைமை அதிகாரியைத் தானே கட்டுப்படுத்த முடியாத நிலை அது.

நூற்றுக்கணக்கில் பிரேரணைகள் நிறைவேற்றிய சபை, நியதிச்சட்டங்களில் மெலிந்து போனது. பிரேரணைக்கு ஆளுநர் சம்மதம் தேவையில்லை, அதற்குச் சட்ட வலுவும் இல்லை. எல்லாப் பழியையும் ஆளுநர்மேல் போடுவது சரியல்ல. சுகாதாரம், கல்வி, உள்ளூராட்சி, மாகாண வீதி ஆகியவற்றில் சர்ச்சை இல்லாத நியதிச்சட்டங்களை இன்னும் பல எழுதியிருக்கலாம். சட்டம் தெரிந்த ஒருவர் தலைமையில் அது நடக்காதது பெரிய இழப்பு.

எங்கள் காணியை ஏன் மீட்டுத் தரவில்லை?

13 ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் காணி இருக்கிறது. ஆனால் தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், 2013 செப்டெம்பர் 26 ஆம் திகதி, உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அரச காணியின் அதிகாரம் மத்தியிடமே இருக்கிறது என்றது. மத்தி ஒதுக்கிக் கொடுத்த காணியை மட்டுமே மாகாணம் பயன்படுத்தலாம். முதலமைச்சர் சத்தியம் செய்வதற்கு முன்பே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

வன்னியில் காணியைப் பிடித்து வைத்திருப்போர் யார் என்று பாருங்கள்: படைத்தரப்பு, வனவளத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம், மணலாற்றுப் பக்கம் மகாவலி அதிகார சபை. எல்லாமே கொழும்பின் கீழ். கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் முகாம் வாசலில் நாட்கணக்கில் இருந்து போராடியபோது மாகாண சபை ஆதரவுக் குரல் கொடுத்தது. வாயிற்கதவைத் திறக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை.

அனுமதிப்பத்திரம் சம்பந்தமான சாதாரண வேலைக்கு அரசியல்வாதியைத் தேடி அலைய வேண்டாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். உரித்தாளர் பெயர் மாற்றாமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்துவிடுவதுதான் வன்னியில் அதிகம் சிக்கல் தரும் விடயம். உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பதிந்து வைப்பது பிள்ளைகளுக்கு இடையிலான வழக்கைத் தவிர்க்கும்.

மாகாண சபைக்கு வந்த காசு திரும்பிப் போனதாமே?

இந்தக் குற்றச்சாட்டை ஐந்தாண்டும் கேட்டோம். அதை ஆராய்வதற்கு முன் மூன்று வகைக் காசைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் மத்தி ஒதுக்குவது. அதில் பெரும் பங்கு ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர் சம்பளத்துக்கே போய்விடும். இரண்டு, மாகாணம் தானே திரட்டும் வருமானம், முத்திரைத் தீர்வை போன்றவை. மூன்று, கொழும்பு அமைச்சுகள் அரசாங்க அதிபர்கள் ஊடாக நேரே செலவிடுவது. மூன்றாவது மாகாண சபையைத் தொடுவதே இல்லை. மீள்குடியேற்ற வீடு பற்றி முதலமைச்சரைக் கேட்டவர்கள் பலர் தவறான கதவைத் தட்டினார்கள்.

ஒதுக்கீடு வேறு, கையில் வரும் பணம் வேறு. ஆண்டின் கடைசி மாதங்களில் பணம் விடுவிக்கப்பட்டால் கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் செய்து, டிசம்பர் 31 க்குள் வேலையை முடிப்பது கடினம். வன்னியில் அந்த மாதங்கள் மாரி மழைக் காலம். மண் வீதியிலோ குளக்கட்டிலோ அப்போது கை வைக்க முடியாது.

இரணைமடுத் தண்ணீர் விவகாரத்தில் எந்தப் பக்கம் நின்றார்?

ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியுதவியில் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். மாரியில் வான் பாயும் குளம், சிறுபோகத்தில் பாதிக் காணிக்கும் போதாது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் நீரை நம்பி நிலையான குடிநீர் ஒப்பந்தம் செய்தால், வறட்சியில் முதலில் வெட்டுப்படுவது வயல்தான். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இங்கே மாகாணத்துக்கு உண்மையான பிடி இருந்தது. இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும் குளம். கனகராயன் ஆறு ஒரே மாகாணத்துக்குள் ஓடுவதே காரணம். பல மாகாணங்களைக் கடந்து வரும் மல்வத்து ஓயாவோடு தொடர்புடைய மன்னார் கட்டுக்கரைக்குளம் மத்தியின் கீழ் இருக்கிறது. மாகாண சபை விவசாயிகளின் எதிர்ப்பைக் கணக்கில் எடுத்தது. யாழ்ப்பாண வாக்கில் முதலமைச்சரானவருக்கு அது எளிதான நிலைப்பாடு அல்ல. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது.

வவுனியாப் பொருளாதார மத்திய நிலையம்?

விளைபொருள் மொத்த விற்பனைச் சந்தையான இதைக் கட்டும் இடம் ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016 இல் இழுபறி. முதலமைச்சர் ஓமந்தை என்றார். இரண்டுக்கும் வாதம் இருந்தது: ஓமந்தையில் இடம் தாராளம், தாண்டிக்குளம் நகரத்துக்குக் கிட்ட, ஆனால் அங்கே விவசாயப் பண்ணைக் காணி போகும். முடிவில் இரண்டும் இல்லாமல் வேறோர் இடத்தில் கட்டிடம் எழும்பி, கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. மரக்கறிச் செய்கையாளருக்கு நட்டம்.

இனப்படுகொலைத் தீர்மானம் என்ன சொன்னது?

2015 பெப்ரவரி 10 ஆம் திகதி சபையில் அவரே முன்வைத்தார், ஏகமனதாக நிறைவேறியது. 1948 இலிருந்து தமிழருக்கு எதிராக நடந்தவற்றை இனப்படுகொலைக் குற்றம் பற்றிய சர்வதேசச் சட்டத்தின் அளவுகோலில் வைத்து, ஐக்கிய நாடுகள் விசாரிக்க வேண்டும் என்று கேட்டது. கோசமாக எழுதாமல், ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதும் ஒழுங்கில் சம்பவங்களையும் சட்ட வரையறையையும் அடுக்கியிருந்தார். அவருடைய இரண்டு வாழ்வும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. சட்ட வலு இல்லாத பிரேரணைதான். ஆனாலும் மக்கள் தெரிவு செய்த ஒரு சபையின் பதிவாக அது நிற்கிறது. முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

2017 இல் ஏன் அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது?

அமைச்சர்கள் மீது முறைப்பாடுகள் வர, ஓய்வு பெற்ற நீதிபதிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தார். அறிக்கை இரு அமைச்சர்கள் மீது குற்றங்கண்டது. மற்ற இருவர் விடயத்தில் முறைப்பாட்டாளர்கள் சாட்சியத்துக்கு வரவில்லை. முதல் இருவரையும் பதவி விலகச் சொன்னார். மற்ற இருவரையும் மேலும் விசாரிக்கும் வரை விடுமுறையில் நிற்கச் சொன்னார். குற்றம் காணாதவர்களை ஏன் ஒதுக்க வேண்டும் என்று கூட்டமைப்பின் பெரிய கட்சியான தமிழரசுக் கட்சியினர் கொதித்து, 2017 ஜூன் 14 ஆம் திகதி ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொடுத்தார்கள். கட்சித் தலைவர்களின் பேச்சுவார்த்தையில் அது கைவிடப்பட்டது.

விசாரணை வைத்தது நல்ல காரியம், வேறெந்த முதலமைச்சரும் தன் அமைச்சர்களுக்கு இலகுவில் செய்யாதது. ஆனால் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொன்னபின் நீதிபதி எவருடைய ஆதரவையும் தேடத் தேவையில்லை. சபையில் மறுநாளும் பெரும்பான்மை வேண்டும். அந்தக் கணக்கை அவர் போடவில்லை.

டெனீஸ்வரன் வழக்கின் சட்டப் புள்ளி என்ன?

அமைச்சர்களை நியமிப்பவர் ஆளுநர், முதலமைச்சரின் ஆலோசனைப்படி. விலக்குவது யார்? 2017 இல் முதலமைச்சர் டெனீஸ்வரனைப் பதவி நீக்க, அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். 2018 ஜூன் இறுதியில் நீக்கத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு வந்தது. அதன்பின் அமைச்சர் எண்ணிக்கையே சிக்கலானது: நீக்கப்பட்டவரும் அமைச்சர், அவர் இடத்தில் வந்தவரும் அமைச்சர் என்றால் நான்கு என்ற வரம்பு மீறப்படும். சபையின் கடைசி மாதங்கள் இதிலேயே கழிந்தன. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தானே அமர்ந்திருந்தவர் அதே நீதிமன்றத்தில் எதிர்மனுதாரரானார்.

சபை முடிந்தபின்?

2018 ஒக்டோபர் 24 ஆம் திகதி தமிழ் மக்கள் கூட்டணியை அறிவித்தார். 2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் தமிழ் மக்கள் தேசியக் கூட்டணியின் மீன் சின்னத்தில் நின்று, அந்த அணியின் ஒரே உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். விருப்பு வாக்கு 21,554. 2013 எண்ணோடு நேரே ஒப்பிடுவது முழுக்கச் சரியல்ல, அப்போது வீட்டுச் சின்னமும் முழுக் கூட்டமைப்பும் பின்னால் நின்றன. 2024 பொதுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

வன்னி வாசகர் கவனிக்க வேண்டியது: நாடாளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும், ஆசனம் 6. எனவே 2013 இல் அவருக்கு விருப்பு வாக்கு அளிக்க முடியாத கிளிநொச்சி மக்கள் 2020 இல் அளிக்க முடிந்தது. மற்ற மூன்று மாவட்டத்தாருக்கும் இரண்டு முறையும் அந்த வாய்ப்பு இல்லை.

இப்போது ஏன் மாகாண சபை இல்லை?

2017 இல் தேர்தல் முறையைத் திருத்தினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வகுக்க வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறைக்குத் திரும்பவும் சட்டம் வேண்டும், புதியதை நடத்தவும் எல்லை வேண்டும். இரண்டும் இல்லாமல் 2018 ஒக்டோபர் முதல் ஆளுநர் வழி நிர்வாகம் நடந்துவருகிறது.

ஒப்படை எழுதுகிறேன். எங்கே பிழை விடுவேன்?

'முன்னாள் பிரதம நீதியரசர்' என்று எழுதுவது முதல் பிழை. அவர் உயர் நீதிமன்ற நீதியரசர், பிரதம நீதியரசராக இருந்ததில்லை. தமிழ்நாட்டுத் தளங்களிலிருந்து எடுத்தால் நீதிமன்றப் பெயர்கள் ஒரு படி இறங்கிவிடும் (அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநில மன்றம், இங்கே நாட்டின் அதியுயர் மன்றம்), இலங்கைப் பெயர்களையே எழுதுங்கள். கூட்டமைப்பின் 30 ஆசனங்களை எழுதும்போது 28 உம் மேலதிகம் 2 உம் என்று பிரித்துக் காட்டுங்கள். சபையின் இருப்பிடம் யாழ்ப்பாண நகரம் அல்ல, கைதடி. தவிசாளராக இருந்தவர் சீ.வீ.கே. சிவஞானம். பதவிக்காலத்தை 2013 ஒக்டோபர் முதல் 2018 ஒக்டோபர் வரை என்று எழுதுங்கள், தேர்தல் நடந்த செப்டெம்பரிலிருந்து தொடங்காதீர்கள்.